எடை இருந்தால் போதுமா? அஃபென்சிவ் லைன்மேன்கள் பற்றி ஒரு விவாத இழை

2025 பிப்ரவரி 10, காலை: வாசகர் கேள்வி

அதிகாலையில் எழுந்து அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பார்த்தேன். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 22. எறிபவர், பிடிப்பவர், ஓடுபவர் எல்லாம் புரிகிறது. அஃபென்சிவ் லைன்மேன்கள் என்று நடுவில் குனிந்து நிற்கும் அந்த ஐந்து தடியர்கள்தான் புரியவில்லை. பந்தைத் தொடுவதில்லை, ஓடுவதில்லை, ஸ்கோர் பலகையில் பெயர் வருவதில்லை. வர்ணனையாளர் மட்டும் ஆகா ஓகோ என்கிறார். 150 கிலோ ஆளை யாரால் தள்ள முடியும்? எடை இருந்தால் போதும், மீதி எல்லாம் சும்மா பேச்சு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 10, இரவு

மறுக்கிறேன். எதிரணியை மறித்து எறிபவரைக் காப்பதும் ஓடுபவருக்கு வழி திறப்பதும்தான் அந்த ஐவரின் வேலை. முதலில், ஐவரில் ஒருவர் ஒவ்வொரு முறையும் பந்தைத் தொடுகிறார். நடுவில் நிற்கும் சென்டர். கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைக் கிளப்புபவர் அவர்தான், அதற்கு ஸ்னாப் என்று பெயர். அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள்.

எடைக்கான பதில் நீங்கள் பார்த்த ஆட்டத்திலேயே இருந்தது. சீஃப்ஸின் இடது டேக்கிள் ஜோ துனீ. அவர் பிறவிக் கார்டு. அந்த சீசனின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் கார்டாகவே இடம்பெற்றவர். டேக்கிள் இடத்தில் வைத்துப் பார்த்த யாரும் சரிப்படாததால் சீசனின் கடைசிப் பகுதியில் அவரை அங்கே நகர்த்தினார்கள். அதே ஆள், அதே எடை, ஓர் இடம்தான் தள்ளி. இறுதி ஆட்டத்தில் திணறிப் போனார். ஈகிள்ஸ் கூடுதல் ஆட்களை அனுப்பவே இல்லை. முன்வரிசை நால்வரை வைத்தே சீஃப்ஸின் எறிபவர் மஹோம்ஸை 6 முறை சாய்த்தார்கள், அப்படிச் சாய்ப்பதுதான் சாக். அதில் இரண்டரை சாக் ஜாஷ் ஸ்வெட்டின் கணக்கு.

கார்டுக்கு இரண்டு பக்கமும் துணைக்கு ஆள் உண்டு, எதிரி நேர் எதிரே நிற்பான். டேக்கிளுக்கு வெளிப்பக்கம் வெறும் புல்தரை. அங்கே நிற்பவன் வேகமானவன், எந்தப் பக்கம் வருவான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். எது முக்கியம் என்று ஒரே சொல்லில் கேட்டால்: கால்.

பிப்ரவரி 11

எடையை நான் மட்டம் தட்டுகிறேன் என்று இரண்டு பேர். இல்லை. 1960களில் வின்ஸ் லம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் லைனில் ஜெரி கிரேமர், ஃபாரஸ்ட் கிரெக் இருவரும் 250 பவுண்டைத் தொடாதவர்கள். 1985இல் சிகாகோ பேர்ஸ் வில்லியம் பெர்ரியைச் சேர்த்தபோது 300 பவுண்டைத் தாண்டிய ஆள் என்பதற்காகவே நாடு முழுக்க அவர் பேச்சு, ‘ரெஃப்ரிஜரேட்டர்’ என்று பட்டம் வேறு. இன்று 300க்குக் கீழே இருக்கும் லைன்மேனைச் சின்ன ஆள் என்கிறார்கள். எல்லோரிடமும் 310 பவுண்டு இருக்கும்போது அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. உள்ளே நுழைய டிக்கெட், அவ்வளவுதான்.

1978 விதி மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு பாஸ் பிளாக்கில், அதாவது எறிபவரைக் காக்க மறிக்கும்போது, கைகளை மார்போடு ஒட்டி வைத்துத்தான் மறிக்க வேண்டும். அந்த வருடத்திலிருந்து கையை நீட்டலாம், உள்ளங்கையைத் திறக்கலாம். நீளக் கைக்கு மதிப்பு வந்தது அதன் பிறகுதான்.

பிப்ரவரி 13

‘கால் என்றால் என்ன, நிற்கத்தானே செய்கிறார்கள்’ என்ற கேள்விக்கு.

இடது டேக்கிளை மட்டும் பாருங்கள். பந்து போகும் திசையைப் பார்க்கவே வேண்டாம், எப்படியும் மூன்று முறை மறு ஒளிபரப்பு காட்டுவார்கள். பந்து கிளம்பியதும் அவர் இடது காலைப் பின்னால் சாய்வாக வீசி வைக்கிறார், வலது காலை இழுத்துக்கொள்கிறார், மறுபடி இடது. இதுதான் கிக் ஸ்லைடு. பாதி உட்கார்ந்த நிலையில் பின்பக்கமாகப் போகிறார். எதிரே வருபவன் 260 பவுண்டோடு முன்னோக்கி ஓடுகிறான். பின்னால் போகிறவர் முன்னால் ஓடுகிறவனை இரண்டரை, மூன்று நொடி சமாளிக்க வேண்டும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தக் கணம் ஒற்றைக் காலில் நிற்கிறார், எதிரி அதற்குத்தான் காத்திருக்கிறான்.

எதிரி வெளியே சுற்றி ஓடலாம், உள்ளே வெட்டித் திரும்பலாம், அல்லது நேராக மார்பில் வந்து மோதலாம். மூன்றாவதுதான் புல் ரஷ். அதைத் தாங்கி நிற்பதற்கு ஆங்கர் என்று பெயர். நெரிசல் பேருந்தில் கம்பி கிடைக்காமல் நிற்பவர், ஓட்டுநர் பிரேக் போட்டதும் முழங்காலை மடக்கி இடுப்பை இறக்குவாரே, அதுதான். இங்கே பேருந்தே வந்து மேலே மோதுகிறது என்பது மட்டும் வித்தியாசம்.

என் மகன் பள்ளியின் ஜூனியர் அணியில் வலது கார்டு. உயரம் எங்கள் குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எடை எங்கிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும். பயிற்சித் திடலில் இரும்புக் குழாய்களால் தாழ்வான கூரை போல ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு அடியில் குனிந்தபடியே பாய்ந்து வெளியே வர வேண்டும். தலை உயர்ந்தால் ஹெல்மெட் குழாயில் ‘ணங்’ என்று இடிக்கும். கூட்டிப்போக வந்து காரில் காத்திருக்கும்போது அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைய பயிற்சி எப்படிப் போனது என்று சொல்லிவிடுவேன். அடுத்தது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே நிற்பவன் நகரும் பக்கமெல்லாம் காலால் மட்டும் மறிப்பது. தள்ளு என்று அந்தக் கோச் கத்தி நான் கேட்டதே இல்லை. முழங்கால், முழங்கால் என்றுதான் கத்துவார்.

ஜிம்மில் அணியிலேயே அதிக எடை தூக்கும் பையன் இவன்தான். மல்யுத்தம் பழகிய ஒரு ஒல்லிப் பையன் முதல் வருடம் முழுக்க இவனைச் சாய்த்துக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 14

மல்யுத்தம் என்றதும் நினைவுக்கு வந்தது: ஸ்டீஃபன் நீல். கல்லூரி மல்யுத்தத்தில் இரண்டு முறை தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். 1999 இறுதியில் அவரிடம் தோற்றவர் பிராக் லெஸ்னர் (ஆமாம், டிவியில் வரும் அதே ஆள்தான்). நீல் கல்லூரியில் ஃபுட்பால் ஆடவே இல்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரைக் கூட்டி வந்து கார்டாக்கியது, பல வருடம் தொடக்க ஆட்டக்காரராக நின்றார். இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை ஏற்கெனவே கற்றுவந்தவருக்கு மீதியைச் சொல்லிக்கொடுக்கலாம் போல.

பிப்ரவரி 16

எனக்கு இந்த விளையாட்டு பழகியது கிளீவ்லாந்தில். வேலைக்கு வந்த புதிதில் பிரவுன்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், அதனால் டிக்கெட் மலிவு. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற எஃகு ஆலைத் தொழிலாளி. பந்தைத் தேடிக்கொண்டிருந்த என் தோளைத் தட்டி, “73ஆம் நம்பரைப் பார், இந்த ஊரில் பணம் கொடுத்துப் பார்க்க வேறு எதுவும் இல்லை” என்றார்.

73 ஜோ தாமஸ். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007இல் மூன்றாவது தேர்வு. டிராஃப்ட் அன்று நியூயார்க் மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போனவர். முதல் ஆட்டத்திலிருந்து 2017இல் கையின் ட்ரைசெப்ஸ் கிழியும் வரை ஒரு ஸ்னாப் கூட வெளியே உட்காரவில்லை. தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப்கள். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குகள் (எறிபவர்கள்) வந்தார்கள், போனார்கள், பெயரை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்தவர் வந்தார். 11 சீசனில் 10 முறை நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வு.

அவரைப் பார்ப்பது முதலில் சலிப்பாக இருந்தது. எதிரி ஓடி வருவான், இவர் நகர்ந்து குறுக்கே நிற்பார், எதிரி நின்றுவிடுவான். மோதல் சத்தம் கூட அதிகம் இருக்காது. சில ஆட்டங்கள் கழித்துத்தான் கவனித்தேன், ஒருமுறை கூட அவர் அவசரப்பட்டுப் பார்க்கவில்லை. எதிரி இரண்டாவது அடி வைப்பதற்குள் இவர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருப்பார். மற்ற டேக்கிள்கள் துரத்துகிறார்கள், இவர் காத்திருக்கிறார். நல்ல லைன்மேனுக்கு என் இலக்கணம் அன்றைக்கு உருவானது: அவர் பக்கம் எதுவும் நடக்காது.

பிப்ரவரி 16, பிறகு

“ஒருமுறை கூட பிளேஆஃப் போகாத ஆளைப் போய்...” என்று எழுதியிருப்பவருக்கு: ஓர் இடத்தைக் காக்கச் சொன்னார்கள், காத்தார். மற்ற பத்து இடங்களுக்கு அவர் பொறுப்பா? 2023இல் முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அந்தக் குழுவிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

பிப்ரவரி 20

டல்லஸ் ரசிகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது காவலாளி வேலை, அடித்து நொறுக்குவதுதான் ஆதிக்கம், டல்லஸ் லைன்மேன் லேரி ஆலனைப் பார்க்காதவன் இதைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆலனைப் பற்றி அவர் சொல்வதில் மிகையில்லை. சொனோமா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து 1994இல் இரண்டாம் சுற்றில் வந்தவர். பெஞ்ச் பிரஸ்ஸில் 700 பவுண்டு தூக்கினார். முதல் சீசனிலேயே நியூ ஆர்லியன்ஸில் டல்லஸ் எறிபவர் ட்ராய் எய்க்மனின் பந்தை எதிரணி லைன்பேக்கர் (தடுப்பில் இரண்டாம் வரிசை ஆள்) டேரியன் கானர் பறித்து ஓட, 320 பவுண்டுக்கு மேல் இருந்த இவர் திடலின் பாதியைத் துரத்தி ஓடிப் பிடித்தார். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், ‘லைன்மேன் ஓடுவதில்லை’ என்ற பேச்சு அதோடு முடியும்.

இதை இரண்டு நாளாக யோசித்தேன். ரன் பிளாக்கில், அதாவது ஓடுபவருக்கு வழி திறக்கும்போது, அவர் சொல்வதுதான் சரி. பாஸ் பிளாக் செய்யும்போது எதிரிதான் தீர்மானிக்கிறான், லைன்மேன் பதில் சொல்கிறார். ரன் பிளாக்கில் லைன்மேன்தான் முதலில் கிளம்புகிறார், எந்தத் திசை என்பது அவருக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது. அங்கே எதுவும் நடக்காமல் இருந்தால் அவர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எதிரியை மல்லாக்கச் சாய்த்து மேலேயே விழுவதற்கு பேன்கேக் என்று பெயர். ஒஹையோ ஸ்டேட்டில் ஒர்லாண்டோ பேஸ் ஆடிய காலத்தில் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. 1996இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஒரு லைன்மேன் நான்காவதாக வந்தார் என்றால் பாருங்கள்.

ஆனாலும் பேன்கேக்கை எண்ணி ஆளை எடை போட மாட்டேன். ஓங்கி மோதுகிறவர் முன்னால் சாய்கிறார். மூக்கு கால்விரலைத் தாண்டிப் போனதும் எதிரி ஒரு அடி விலகிக் கையைத் தட்டிவிட்டால் விழுவது இவர்தான். ஆலன் விழவில்லை, ஏனென்றால் அந்த உடம்புக்கு அடியில் அந்தக் கால்கள் இருந்தன. மறுபடி காலுக்கே வந்துவிட்டேன் பாருங்கள்.

மார்ச் 3

கைகளை விட்டுவிட்டோம். குத்துச்சண்டைக்காரர் போல ஒரு குத்து, ஆனால் உள்ளங்கையால், எதிரியின் தோள்களுக்கு உள்ளே மார்புக் கவசத்தில். வெளியே தோளைப் பிடித்தால் நடுவர் கொடியை வீசுவார்: ஹோல்டிங், 10 யார்டு பின்னால். உள்ளே பிடித்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். ‘எல்லா ஸ்னாப்பிலும் பிடிக்கிறார்கள்’ என்று ரசிகர்கள் புலம்புவது பாதி உண்மை. எதிரி விலகிப் போகும்போதும் விடாமல் பிடித்திருந்தால்தான் மாட்டிக்கொள்வார்கள். அதனால் ஹோல்டிங் எண்ணிக்கை உண்மையில் கால் எண்ணிக்கைதான். கால் பிந்தியவர்தான் கையால் இழுக்கிறார்.

சியாட்டில் சீஹாக்ஸின் வால்டர் ஜோன்ஸ் தன் 180 ஆட்டங்களிலும் சேர்த்து 9 முறைதான் ஹோல்டிங்கில் மாட்டினார். 5,703 பாஸ் முயற்சிகளில் அவர் விட்ட சாக் 23. கோடை விடுமுறையில் அலபாமா வெயிலில் காடிலாக் எஸ்கலேட் காரைத் தள்ளிப் பயிற்சி செய்தவர். (என் மகன் இதைப் படித்துவிட்டு எங்கள் வேனைத் தள்ளிப் பார்த்தான். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, அதை நான் சொல்லவில்லை.)

அப்புறம் கண். எதிரணி முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் குறுக்கே இடம் மாறி ஓடுவார்கள், அதற்கு ஸ்டண்ட் என்று பெயர். கார்டும் டேக்கிளும் அந்தக் கணத்திலேயே ஆளை ஒப்படைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு நொடி பிந்தினால் குவார்ட்டர்பேக் தரையில். இந்தக் கணக்கையெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்பவர் சென்டர். ஈகிள்ஸின் ஜேசன் கெல்சி 300 பவுண்டு கூட இல்லை, 2011இல் ஆறாம் சுற்று, 191ஆவது தேர்வு. கல்லூரியில் உதவித்தொகை இல்லாமல் ஓடுபவராகச் சேர்ந்தவர். மற்ற சென்டர்கள் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரத்துக்கு ஓடி, ஓடுபவருக்கு முன்னால் லைன்பேக்கரை மறித்துக்கொண்டிருப்பார். ஆறு முறை ஆல்-ப்ரோ முதல் அணி. ‘எடை போதும்’ கட்சிக்காரர்கள் இவரை எங்கே வைப்பீர்கள்?

மார்ச் 6

துனீயை சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கார்டாகவே ஆடப் போகிறார். மனுஷனுக்கு நிம்மதி.

ஏப்ரல் 25

நேற்றைய டிராஃப்டில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் நான்காவது தேர்வாக லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் வில் கேம்பலை எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக எல்லா இடத்திலும் அவருடைய கையைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். தேர்வு முகாமில் 32 5/8 அங்குலம், பிறகு கல்லூரி வளாகத்தில் அளந்தபோது 33. டேக்கிளுக்கு 34 வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கல்யாண மாப்பிள்ளையைக் கூட இவ்வளவு அளக்க மாட்டார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் காரணம் உண்டு. யார் கை முதலில் மார்பில் படுகிறதோ அவர் தூரத்தைத் தீர்மானிக்கிறார். கை குட்டையானவர் அந்தக் குறையைக் காலாலும் நேரக் கணக்காலும் ஈடுகட்ட வேண்டும். முடியாதது இல்லை, பிழைக்கு இடம் கம்மி. நான் அவருக்கு இரண்டு வருடம் கொடுப்பேன், அதற்குப் பிறகு கார்டாக நகர்த்துவதா என்று பேசலாம். அதற்குள் தீர்ப்பு எழுதுபவர்கள் ஜோர்டன் மைலாட்டா கதையைப் படியுங்கள். அதை அப்புறம் எழுதுகிறேன்.

மே 22

நேற்று ‘டஷ் புஷ்’ஷைத் தடை செய்யும் வாக்கெடுப்பு. ஒரு யார்டு தேவைப்படும்போது குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து இருவர் தள்ளுவார்களே, ஈகிள்ஸின் அதே உத்திதான். 32 அணிகளில் 24 வேண்டும், 22தான் கிடைத்தது. தப்பித்தது.

தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. எல்லோரும் பின்னால் தள்ளுபவர்களையே பார்க்கிறார்கள். மற்ற அணிகளிலும் தள்ள ஆள் இருக்கிறது, ஆனால் ஈகிள்ஸுக்கு வாய்த்த மாதிரி வாய்ப்பதில்லை. முன்னால் சென்டரும் இரண்டு கார்டுகளும் எதிரியைவிடத் தாழ்வாகக் கிளம்பி அவன் முழங்காலுக்கு அடியில் நுழைவதில்தான் அது நடக்கிறது. அந்த நொடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் தெரியும்.

ஜூன் 14

மைலாட்டா. சிட்னிக்காரர், சமோவா வம்சம், 6 அடி 8 அங்குலம். ஆடியது ரக்பி லீக். 2018இல் ஈகிள்ஸ் ஏழாம் சுற்றில் 233ஆவதாக எடுத்தபோது ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் கூட ஆடியதில்லை. லைன் கோச் ஜெஃப் ஸ்டௌட்லண்ட் கையில் கொடுத்தார்கள். முதல் இரண்டு சீசனில் ஒரு ஆட்டம் கூடக் களமிறங்கவில்லை. 2020இல் இறங்கினார், 2021இல் இடது டேக்கிள் இடம் அவருடையது, பிப்ரவரியில் நீங்கள் பார்த்த வெற்றியில் அவர்தான் அந்த ஓரத்தில் நின்றார். அதே லைனில் வலது கார்டு மெக்கை பெக்டன்: நியூயார்க் ஜெட்ஸ் 2020இல் 11ஆவதாக எடுத்த டேக்கிள், மலை போன்ற உடம்பு, காயங்களால் பேர் கெட்டு வெளியே வந்தவர். ஈகிள்ஸ் அவரை ஓர் இடம் உள்ளே நகர்த்தியது, ஓடுபவர் சாக்வன் பார்க்லி அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார்.

இந்த இழை முழுக்க நான் தனி ஆளாகப் பேசிக்கொண்டு வந்தேன், அதில் எனக்கே இப்போது முழு நம்பிக்கை இல்லை. சீஃப்ஸைப் பாருங்கள். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் அவர்களுடைய இரண்டு டேக்கிள்களும், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயம். மீதி ஆட்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். டாம்பா பே 31, சீஃப்ஸ் 9. மஹோம்ஸ் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையிலேயே லைனை அடியோடு மாற்றினார்கள்: துனீ, ஒர்லாண்டோ பிரவுன், இரண்டாம் சுற்றில் சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில் கார்டு ட்ரே ஸ்மித். 2023 பிப்ரவரியில் எதிரே ஈகிள்ஸ், அந்த சீசனில் 70 சாக் எடுத்த அணி. இறுதியில் ஒன்று கூட எடுக்க முடியவில்லை, சீஃப்ஸ் 38-35 என்று வென்றார்கள். இரண்டு வருடம் கழித்து ஓர் ஓரம் பலவீனமானது, ஒரு நல்ல கார்டை அதற்காக இடம் மாற்றியதும் உள்ளேயும் ஓட்டை. அதைத்தான் கேள்வி கேட்டவர் பார்த்தார்.

நால்வர் ஒழுங்காக மறித்து ஒருவர் கோட்டை விட்டால் அந்த ஸ்னாப் தோல்விதான். ஓடுபவருக்கு இந்தக் கணக்கு கிடையாது. அப்படியானால் தனி லைன்மேனின் ஆதிக்கம் என்பதே என்ன? பக்கத்து ஆளின் வேலையைக் குறைப்பது என்று இப்போது தோன்றுகிறது. ஜோ தாமஸ் பக்கம் உதவிக்கு டைட் எண்டை (லைன் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) நிறுத்தத் தேவையில்லை, அந்த ஆளை வேறு எங்காவது அனுப்பலாம். சியாட்டிலில் ஜோன்ஸுக்குப் பக்கத்தில் கார்டு ஸ்டீவ் ஹட்சின்சன். 2005இல் அவர்களுக்குப் பின்னால் ஓடுபவர் ஷான் அலெக்சாண்டர் 1,880 யார்டு, 28 டச்டவுன். மறு வருடம் ஹட்சின்சன் மினசோட்டா போனார், அலெக்சாண்டர் 896. அவருக்குக் கால் எலும்பில் காயமும் இருந்தது, அதனால் முழுப் பழியையும் அதன் மேல் போட மாட்டேன். பாதியைப் போடுவேன்.

ஜூலை 8

மகன் இந்த வருடம் லைனுக்குப் போகவில்லை. ஷாட் புட். காரணத்தில் பாதி நான்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சென்டர் மைக் வெப்ஸ்டர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர், 17 சீசன் ஆடியவர், 2002இல் 50 வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் மனம் குழம்பி அலைந்தார். அவருடைய மூளையைச் சோதித்த பென்னட் ஒமாலுதான் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஒருவரிடம் சிடிஇ நோயை (திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு மூளை சிதைவது) முதலில் கண்டறிந்து 2005இல் வெளியிட்டார். பெரிய மோதல்களை நடுவர் பார்க்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள். லைன்மேனுக்கு நடப்பது ஒவ்வொரு ஸ்னாப்பிலும் சின்னதாக ஒரு தலைமோதல். நான் மேலே 10,363 என்று பெருமையாக எழுதிய எண்ணை இப்படியும் படிக்கலாம்.

உணவு விஷயமும் சும்மா இல்லை. தாமஸ் ஓய்வுபெற்றதும் 50 பவுண்டு இறக்கினார். அந்த எடையைத் தக்கவைக்க வருடக்கணக்கில் பசிக்காமலே தின்ன வேண்டியிருந்த உடம்பு அது.

ஷாட் புட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மகன் என்னைத் தேற்றுகிறான்: பால்டிமோர் ரேவன்ஸின் முதல் டிராஃப்ட் தேர்வு, 6 அடி 9 அங்குல ஜோனதன் ஆக்டன், 1996இல் தேசியக் கல்லூரி உள்ளரங்க ஷாட் புட் சாம்பியன். ‘அவர் இரண்டும் செய்தார் அப்பா’ என்கிறான். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

சீசன் தொடங்கப் போகிறது, ‘உங்கள் ஐந்து பேர் யார், சொல்லிவிட்டுப் போங்கள்’ என்று பாதிப் பேர். சரி.

இடது டேக்கிள் வால்டர் ஜோன்ஸ். தாமஸை விட்டுவிட்டேனே என்று எனக்கே வருத்தம், ஆனால் ரன் பிளாக்கில் ஜோன்ஸ் ஒரு படி மேல். சின்சினாட்டியின் ஆந்தனி முன்யோஸ்தான் எல்லாக் காலத்துக்கும் முதல்வர் என்பவர்களோடு சண்டையில்லை. 1980இல் முழங்கால் அறுவைகளோடு வந்து 11 ப்ரோ பவுல் ஆடிய மனிதர். முழு ஆட்டங்களாக நான் அவரைப் பார்த்ததில்லை, பார்த்தவரைத்தான் போடுவேன். இடது கார்டு லேரி ஆலன், டல்லஸ்காரர் மகிழட்டும். சென்டர் கெல்சி. மயாமியின் டுவைட் ஸ்டீஃபன்சன் பெயரைச் சொல்லி அடிக்க வருவார்கள், வரட்டும். வலது கார்டு ப்ரூஸ் மேத்யூஸ்: 1983 முதல் 2001 வரை 296 ஆட்டங்கள், லைனின் ஐந்து இடங்களிலும் ஆடியவர். யாருக்காவது காயம் என்றாலும் கவலையில்லை.

வலது டேக்கிள் லேன் ஜான்சன். கல்லூரியில் முதலில் குவார்ட்டர்பேக், பிறகு டைட் எண்ட், அப்புறம்தான் லைன். டெட்ராய்ட்டின் பெனெய் சூவல் ஏன் இல்லை என்று கேட்கப் போகிறீர்கள். அவருக்கு இன்னும் 25 வயது கூட ஆகவில்லை, நான்கு வருடம் கழித்துக் கேளுங்கள், ஜான்சனைத் தூக்கிவிட்டு அவரைப் போட எனக்கு ஆட்சேபம் இருக்காது. வலக்கை எறிபவரின் முதுகுப் பக்கமான இடது ஓரத்துக்குத்தான் மதிப்பு, வலது ஓரம் இரண்டாம்தரம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு: அணிகள் இப்போது தங்கள் மிக வேகமான ஆளை எந்தப் பலவீனமான ஓரம் கிடைக்கிறதோ அங்கே அனுப்புகின்றன. 1985இல் லாரன்ஸ் டெய்லர் பின்னாலிருந்து வந்து எறிபவர் ஜோ தைஸ்மனின் காலை உடைத்த காலத்துக் கணக்கை இன்னும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.